வெளிநாட்டில் நர்ஸிங் படித்தவர்களுக்கு அமெரிக்க லைசென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுக்கு வெளியே நர்ஸிங் முடித்துவிட்டு இங்கே வேலை பார்க்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். நானும் அதே வழியில் வந்தவள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். பரீட்சையில் தோற்று வருடங்களை இழந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. காகிதத்தில் இழந்தவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இதிலும் பரீட்சையைவிடக் காகிதம் பற்றிய பேச்சே கூடுதலாக இருக்கும்.

கேள்வி: அமெரிக்கா முழுக்கச் செல்லுபடியாகிற ஒரே லைசென்ஸ் என்று ஏதாவது உண்டா?

கிடையாது. 50 மாநிலங்களுக்கும் வாஷிங்டன் டி.சி.க்கும் தனித்தனி நர்ஸிங் வாரியம் இருக்கிறது. குவாம், வர்ஜின் தீவுகள் போன்ற ஆட்சிப்பகுதிகளுக்கும் அப்படியே. லைசென்ஸ் கொடுப்பது அந்த வாரியம். நாடு முழுக்கப் பொதுவாக இருப்பது லைசென்ஸுக்காக எழுத வேண்டிய என்கிளெக்ஸ் பரீட்சை மட்டும்தான். அதை நடத்துவது வாரியங்கள் சேர்ந்து வைத்திருக்கும் என்.சி.எஸ்.பி.என். என்ற அமைப்பு.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். லைசென்ஸ் மாநிலத்தின் கையில். படிப்பை மதிப்பிடுவது ஒரு தனி நிறுவனத்தின் கையில். விசா மத்திய அரசின் கையில். மூன்று பேரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க மாட்டார்கள். ஒருவர் சரி என்று சொன்னதால் மற்றவரும் சரி என்பார் என்று நினைக்கவும் முடியாது. "என்கிளெக்ஸ் பாஸ் ஆகிவிட்டேன், இனி கிளம்பலாமா?" என்று சந்தோஷமாகக் கேட்பவர்களிடம் இன்னும் இரண்டு கதவு பாக்கி இருக்கிறது என்று சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: அப்படியானால் எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது?

இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆனால் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். சொந்தக்காரர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் காகிதம் எந்த மாநிலத்தின் விதிக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள்.

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். சம்பளம் நல்ல சம்பளம், எல்லோருக்கும் அங்கே ஆசை. ஆனால் அங்கே சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ (இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அரசு கொடுக்கும் அடையாள எண்), வரி செலுத்துவோருக்கான ஐ.டி.ஐ.என். எண்ணோ இல்லாமல் விண்ணப்பம் நகராது. வெளிநாட்டில் இருப்பவர்களில் பெரும்பாலானோரிடம் இரண்டும் இருக்காது. அதோடு இன்னொரு விதியும் உண்டு. ஒரு பாடத்தின் தியரியும் அதற்கான வார்டு பயிற்சியும் ஒரே காலகட்டத்தில் நடந்திருக்க வேண்டும். மகப்பேறு தியரியை இரண்டாம் வருடம் படித்து, அதன் வார்டு பயிற்சியை நான்காம் வருடம் முடித்திருந்தால் அதைக் குறையாக எடுத்துக்கொள்வார்கள். பிலிப்பைன்ஸில் படித்த ஏராளமானவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டினார்கள். படிப்பில் குறை எதுவும் இல்லை, பாடம் அடுக்கப்பட்ட வரிசைதான் சிக்கல்.

நியூயார்க்கில் பரீட்சை எழுத சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் வெளிநாட்டிலிருந்து எழுதுபவர்கள் பலரும் அங்கே விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் தொற்றுத் தடுப்பு, குழந்தை வதை பற்றிப் புகார் செய்வது ஆகிய இரண்டிலும் குறும்பயிற்சி முடித்திருக்க வேண்டும். டெக்சாஸில் மாநில நர்ஸிங் சட்டம் பற்றித் தனியாக ஒரு பரீட்சை இருக்கிறது. இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று இருக்கும். வாரியத்தின் பக்கத்தில் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான பகுதியைத் திறந்து, வரிவரியாக நீங்களே படியுங்கள். யாரோ மூன்று வருடத்துக்கு முன் எழுதியதை நம்பாதீர்கள். நான் எழுதியிருப்பதையும் வாரியத்தின் பக்கத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: சான்றிதழ் மதிப்பீடு என்கிறார்களே, யார் செய்வது? எதற்கு?

நீங்கள் படித்த படிப்பு இங்கத்திய படிப்புக்குச் சமமானதா என்று பார்ப்பதற்குத்தான். இதில் பழைய பெயர் சி.ஜி.எஃப்.என்.எஸ். 1977ல் தொடங்கிய இந்த அமைப்பு 2025 முதல் ட்ரூமெரிட் என்ற பெயரில் இயங்குகிறது. நர்ஸ்கள் பேச்சில் இன்னும் பழைய பெயர்தான் ஓடுகிறது, இரண்டும் ஒன்றே. பல மாநிலங்கள் இதனிடமிருந்து பாடவாரியான அறிக்கை ஒன்றைக் கேட்கும். நியூயார்க்குக்கு அவர்களே ஒரு தனிச் சரிபார்ப்புச் சேவை வைத்திருக்கிறார்கள். எந்த மாநிலத்துக்கு எந்த அறிக்கை என்று தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள். தவறான அறிக்கைக்குக் கட்டிவிட்டு மறுபடி கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: அவர்கள் என் மார்க் ஷீட்டில் எதைப் பார்ப்பார்கள்?

மார்க்கை அல்ல, மணிக்கணக்கை.

பெரியவர்களுக்கான மருத்துவப் பராமரிப்பு, அறுவை சிகிச்சைப் பராமரிப்பு, மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம். இந்த ஐந்திலும் தியரியும் இருக்க வேண்டும், வார்டு பயிற்சியும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனியாக மணிநேரம் எழுதியிருக்க வேண்டும். ஏதாவது ஒரு துறையில் மட்டும் பயிற்சி பெற்றவராக, உதாரணத்துக்கு மனநல நர்ஸாக மட்டும் படித்தவராக இருந்தால், பொது நர்ஸ் என்ற கணக்கில் வரமாட்டீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். நான் படித்த கல்லூரி என் பாடப் பட்டியலைத் தயார் செய்தபோது மனநலப் பிரிவுக்கு நேரே "8 வாரம்" என்று எழுதி, முத்திரை குத்தி, உறை ஒட்டி அனுப்பிவிட்டது. மற்ற எல்லாப் பாடத்துக்கும் மணிக்கணக்கு இருந்தது. அந்த ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் வாரம். ஒரு வாரத்துக்கு எத்தனை மணி என்று மதிப்பிடுபவர்கள் ஊகிக்க மாட்டார்கள். கோப்பை "விவரம் போதவில்லை" என்று நிறுத்திவைத்தார்கள். கல்லூரிக்கு எழுதி, அலுவலகத்தில் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, 8 வாரத்தை மணியாக்கி, முதல்வர் கையெழுத்து வாங்கி மறுபடி அனுப்பி முடிக்க ஏழு மாதம் ஆனது. ஒரு எண்ணுக்கு ஏழு மாதம்! அதனால்தான் சொல்கிறேன், கல்லூரி உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு நகல் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: சான்றிதழ்களை நானே ஸ்கேன் செய்து அனுப்பக் கூடாதா?

கூடாது. பாடப் பட்டியல் கல்லூரியிலிருந்து நேராகப் போக வேண்டும். பதிவுச் சரிபார்ப்பு, நீங்கள் நர்ஸாகப் பதிவு செய்திருக்கும் நர்ஸிங் கவுன்சிலிலிருந்து நேராகப் போக வேண்டும். நடுவில் உங்கள் கை பட்டால் அது செல்லாது. மூடிய உறையே ஆனாலும் நீங்கள் கொண்டுபோய்ப் போட்டதாகத் தெரிந்தால் திருப்பிவிடுவார்கள்.

நம்மை நம்பாமல் நடத்துகிறார்களே என்று எனக்கும் அப்போது கோபம் வந்தது. ஆனால் 2023 ஜனவரியில் வெளிவந்த ஒரு வழக்கைப் பாருங்கள். ஃப்ளோரிடாவில் இருந்த மூன்று நர்ஸிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோக்கள் விற்கப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை 25 பேர்மேல் குற்றம் சாட்டியது. உள்நாட்டிலேயே அந்த நிலை. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட வேலையில் இந்தக் கறார் தேவைதான்.

கேள்வி: என் கல்லூரி மூடப்பட்டுவிட்டது. என்ன செய்வது?

கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு அல்லது தேர்வு வாரியத்தோடு இணைந்திருந்ததோ, பதிவேடுகள் பெரும்பாலும் அங்கே போயிருக்கும். அங்கிருந்து அனுப்பச் சொல்லலாம். ஏன் கல்லூரியிலிருந்து வரவில்லை என்று ஒரு விளக்கக் கடிதமும் அதோடு சேர்ந்து போகட்டும்.

கேள்வி: சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர். பிரச்சினை வருமா?

கட்டாயம் வரும். நம்மவர்களுக்கு இது தனித் தலைவலி. மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்த கவுன்சில் பதிவில் கணவர் பெயர். அமெரிக்கக் கணினிக்கு இவர்கள் மூன்று ஆட்கள். விண்ணப்பத்தின் முதல் நாளிலேயே பாஸ்போர்ட்டில் இருப்பது எழுத்துக்கு எழுத்து எப்படியோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். மற்ற பெயர்களெல்லாம் ஒரே ஆளுடையவை என்று ஒரு அஃபிடவிட், கல்யாணச் சான்றிதழ் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். பரீட்சை மையத்தில் பெயர் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். கட்டிய பணமும் போய்விடும்.

கேள்வி: நான் ஆங்கில மீடியத்தில்தான் நர்ஸிங் படித்தேன். ஆங்கிலத் தேர்வு வேண்டுமா?

லைசென்ஸுக்கு என்றால் அது மாநிலத்தைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் படித்ததாகக் கல்லூரி கடிதம் கொடுத்தால் சில வாரியங்கள் விட்டுவிடும். விசாவுக்கு முன்னால் கேட்கப்படும் விசாஸ்கிரீன் சான்றிதழுக்கு அந்தச் சலுகை வேலை செய்யாது. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கியூபெக் தவிர்த்த கனடா போன்ற குறிப்பிட்ட சில இடங்களில் படித்தவர்களுக்குத்தான் விலக்கு. மற்றவர்கள் ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல், ஓ.இ.டி. போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேர்வுகளில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். அகடமிக் என்றால் பதிவு நர்ஸுக்கு மொத்தத்தில் 6.5, பேச்சில் 7. நம்மில் பலருக்கு வாசிப்பும் எழுத்தும் நன்றாக வரும், பேச்சில்தான் அரை மார்க் குறையும். பயிற்சி நேரத்தைப் பேச்சுக்கு ஒதுக்குங்கள்.

மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். அதனால் ரொம்ப முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள். விசா வரிசை நீளமாக இருந்தால் அது காலாவதியாகி மறுபடி எழுத வேண்டிவரும்.

கேள்வி: டிப்ளமோதான் முடித்திருக்கிறேன், பட்டம் இல்லை. முடியுமா?

முடியும். அமெரிக்காவிலேயே இளங்கலைப் பட்டம் இல்லாமல், இரண்டு வருட அசோசியேட் படிப்பு முடித்தவர்கள் என்கிளெக்ஸ் எழுதிப் பதிவு நர்ஸ் ஆகிறார்கள். பள்ளிப்படிப்பை முடித்த பிறகு சேர்ந்த, அரசு அங்கீகாரம் பெற்ற பொது நர்ஸிங் படிப்பா, மேலே சொன்ன ஐந்து பிரிவும் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. வேலைக்கு எடுக்கும்போது சில பெரிய மருத்துவமனைகள் பட்டதாரிகளையே விரும்பும், அது வேறு விஷயம்.

கேள்வி: என்கிளெக்ஸ் எப்படி இருக்கும்?

கணினிப் பரீட்சை. 1994 முதலே கணினியில்தான் நடக்கிறது. நீங்கள் ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் அடுத்தது கொஞ்சம் கடினமாக வரும், தவறினால் கொஞ்சம் எளிதாக வரும். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் ஐந்து மணி. உங்கள் திறமை தேர்ச்சிக்கோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கணினிக்கு 95 சதவீதம் உறுதியானதும் நிறுத்திவிடும். 85வது கேள்வியில் திரை அணைந்தால் பாஸ் என்றும் அர்த்தமில்லை, ஃபெயில் என்றும் அர்த்தமில்லை.

2023 ஏப்ரல் முதல் புதிய வடிவம். ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து அதன்மேல் ஆறு கேள்வி கேட்பார்கள். இப்படி மூன்று நோயாளிகள் நிச்சயம் வருவார்கள். நர்ஸ் குறிப்பு, ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு எல்லாம் திரையில் தனித்தனி தாள்களாக இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, எது முக்கியம், முதலில் என்ன செய்வாய் என்று சொல்ல வேண்டும். பாதி சரியாக இருந்தால் பாதி மார்க் உண்டு.

நம்மில் நிறையப் பேர் இடறுவது மருத்துவ அறிவில் அல்ல. "டாக்டரைக் கூப்பிடு" என்பது நமக்குக் கை தானாகத் தொடுகிற விடை. இங்கே அதற்கு முன்னால் நர்ஸே என்ன பார்க்க வேண்டும், நர்ஸே என்ன செய்யலாம் என்றுதான் கேட்கிறார்கள். மூச்சுத் திணறுகிறவரைத் தலைப்பக்கம் உயர்த்தி உட்காரவைத்துவிட்டுத்தான் போனை எடுக்க வேண்டும். எந்த வேலையை உதவியாளரிடம் விடலாம், எதை விடக் கூடாது என்பதும் திரும்பத் திரும்ப வரும். இந்த யோசனைமுறை பழகும்வரை பயிற்சிக் கேள்விகளைப் போடுங்கள். தப்பான விடை ஏன் தப்பு என்று படிப்பதில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது.

கேள்வி: எழுதுவதற்கு அமெரிக்கா போக வேண்டுமா?

வேண்டாம். பரீட்சை மையங்களை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் மையங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. பதிவுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே மையம் தேர்ந்தெடுத்தால் கூடுதலாக 150 டாலரும் அந்த இடத்து வரியும். வாரியத்திடம் ஒரு விண்ணப்பம், பியர்சன் வியூவிடம் ஒரு பதிவு என்று இரண்டு வேலை உண்டு, ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடாதீர்கள். வாரியம் தகுதி உண்டு என்று சொன்ன பிறகு ஏ.டி.டி. எனப்படும் அனுமதி மின்னஞ்சலில் வரும். அதில் போட்டிருக்கும் கடைசித் தேதியை நீட்டிக்க முடியாது.

மையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், உள்ளங்கை நரம்பை ஸ்கேன் செய்வார்கள். வாட்ச், போன், கைப்பை எல்லாம் வெளியே. எழுதிப் பார்க்க அழிக்கக்கூடிய பலகை ஒன்று தருவார்கள். இடைவேளைக்கு எழுந்து போனால் திரும்பும்போது மறுபடி கை ஸ்கேன், அதற்குள் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கேள்வி: ஃபெயில் ஆகிவிட்டால்?

45 நாள் கழித்து மறுபடி எழுதலாம், வருடத்துக்கு 8 தடவைவரை. சில மாநிலங்கள் தங்கள் கணக்கில் இன்னும் இறுக்கமான எல்லை வைத்திருக்கின்றன. எந்தப் பகுதியில் கோட்டுக்குக் கீழே இருந்தீர்கள் என்று ஒரு அறிக்கை தருவார்கள். அழுது முடித்ததும் அதை எடுத்துப் படியுங்கள். என்னோடு படித்த ஒருத்தி மூன்றாவது தடவையில் பாஸ் ஆனாள். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் இருக்கும் ஷிஃப்ட் என்றால் எனக்கு நிம்மதி.

கேள்வி: பாஸ் ஆகிவிட்டேன். ஆனால் லைசென்ஸ் எண் வரவில்லையே?

சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களுக்குப் பல மாநிலங்கள் தேர்ச்சியை மட்டும் தெரிவித்துவிட்டு லைசென்ஸை நிறுத்திவைக்கும். அந்த எண்ணோ இங்கே வந்து இறங்கிய பிறகுதான் கிடைக்கும். பயப்பட வேண்டாம், விசாஸ்கிரீனுக்குத் தேர்ச்சியே போதும். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு மாநிலத்தில் வாங்கிய லைசென்ஸை வைத்து வேறு மாநிலத்தில் வேலை பார்க்கலாமா?

அப்படியே பார்க்க முடியாது. எண்டார்ஸ்மென்ட் என்ற முறையில் மாற்றிக்கொள்ள வேண்டும். பரீட்சை மறுபடி இல்லை. ஆனால் புது மாநிலம் உங்கள் படிப்பை அதன் விதிப்படி மீண்டும் பார்க்கலாம், அதையும் மனதில் வையுங்கள்.

காம்பேக்ட் என்ற ஒப்பந்தத்தில் சேர்ந்த மாநிலங்களுக்குள் ஒரே லைசென்ஸ் செல்லும். பெரும்பான்மை மாநிலங்கள் சேர்ந்துவிட்டன, கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் சேரவில்லை. ஆனால் அந்தப் பல மாநில லைசென்ஸ் கிடைக்க, ஒரு காம்பேக்ட் மாநிலம் உங்கள் நிரந்தர வசிப்பிடமாகவும், சோஷியல் செக்யூரிட்டி எண் கையிலும் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு முதலில் கிடைப்பது ஒரு மாநில லைசென்ஸ்தான்.

கேள்வி: விசாஸ்கிரீன் என்பது விசாவா?

இல்லை, விசாவுக்கு முன்னால் கேட்கப்படும் ஒரு சான்றிதழ். 1996ல் வந்த குடியேற்றச் சட்டத்தின் 343வது பிரிவு இதைக் கட்டாயமாக்கியது. படிப்பு, பதிவு, ஆங்கிலம், என்கிளெக்ஸ் தேர்ச்சி எல்லாம் சரி என்று சொல்லும் தாள். ஐந்து வருடம் செல்லும்.

கேள்வி: எந்த விசாவில் வருவது? எவ்வளவு காலமாகும்?

நர்ஸ்களில் பெரும்பாலோர் வருவது ஈ.பி-3 என்ற கிரீன் கார்டு பிரிவில். நர்ஸ் பற்றாக்குறை இருப்பதாகத் தொழிலாளர் துறையே ஷெட்யூல் ஏ பட்டியலில் ஏற்றுக்கொண்டிருப்பதால், ஆள் கிடைக்கவில்லை என்று மருத்துவமனை விளம்பரம் செய்து நிரூபிக்கும் படி தேவையில்லை. எச்-1பி வேலை விசா பதிவு நர்ஸுக்கு அநேகமாகக் கிடைக்காது. அது பட்டம் கட்டாயமான வேலைகளுக்கு, சாதாரண வார்டு நர்ஸ் வேலை அந்தக் கணக்கில் வருவதில்லை.

காலம் நீங்கள் பிறந்த நாட்டைப் பொறுத்தது. வேலைவழி கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று உச்சவரம்பு உண்டு. விண்ணப்பம் அதிகமுள்ள நாடுகளில் பிறந்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். மாதாமாதம் வெளியுறவுத் துறை வெளியிடும் விசா புல்லட்டினில் உங்கள் முன்னுரிமைத் தேதி (உங்களுக்கான மனு பதிவான நாள்) வந்துவிட்டதா என்று பார்க்கலாம். "ஆறு மாதத்தில் அனுப்புகிறோம்" என்று யாராவது சொன்னால், எந்தத் தேதியை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: கணவர் விசாவில் ஏற்கெனவே இங்கே இருக்கிறேன். எனக்கும் இதெல்லாம் உண்டா?

லைசென்ஸுக்கான வேலை எல்லாம் அப்படியே உண்டு. துணைவராக வந்தவருக்கு விசாஸ்கிரீன் கேட்பதில்லை. ஆனால் வேலை செய்ய அனுமதி வேண்டும், பலருக்கு அதற்கென அட்டை தேவைப்படும். அட்டை வரும்வரை சும்மா இருக்காமல் கல்லூரிக் காகிதத்தை நகர்த்துங்கள், அதுதான் நாள் பிடிக்கும்.

கேள்வி: ஏஜென்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

போடலாம், படித்துவிட்டு. நல்ல ஏஜென்சிகளும் இருக்கின்றன. ஆனால் நடுவில் விலகினால் எவ்வளவு தர வேண்டும் என்ற பத்தியைத் தேடிப் பிடியுங்கள். 2019ல் நியூயார்க்கில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், பிலிப்பைன்ஸ் நர்ஸ்களின் ஒப்பந்தத்தில் இருந்த 25,000 டாலர் விலகல் தொகை செல்லாது என்றும், அதை வைத்து மிரட்டியது ஆள்கடத்தல் தடுப்புச் சட்டத்தை மீறுவது என்றும் தீர்ப்பளித்தது. அந்த நர்ஸ்கள் 200 பேருக்கு மேல். அவர்களுக்கு வழி பிறக்க வருடங்கள் ஆயின. சம்பளம் மணிக்கு எவ்வளவு, எந்த ஊர், எந்த வார்டு, ஓவர்டைம் ஒப்பந்தக் கணக்கில் சேருமா, இவை எழுத்தில் இல்லாமல் கையெழுத்து வேண்டாம். அசல் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் யார் கையிலும் விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: லைசென்ஸ் கிடைத்தால் வாழ்நாள் முழுக்கச் செல்லுமா?

புதுப்பிக்க வேண்டும், பல இடங்களில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. கலிஃபோர்னியாவில் அதற்குள் 30 மணிநேரமும் டெக்சாஸில் 20 மணிநேரமும் தொடர்கல்வி முடித்திருக்க வேண்டும். வீடு மாறினால் வாரியத்துக்கு உடனே தெரிவியுங்கள். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய், லைசென்ஸ் காலாவதியானது தெரியாமல் வார்டில் நின்றால் அது சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வேலை பார்த்ததாகிவிடும். உங்கள் பதிவின் நிலையை என்.சி.எஸ்.பி.என். நடத்தும் நர்ஸிஸ் தளத்தில் பணம் கட்டாமலே எப்போதும் பார்க்கலாம். நான் என் பிறந்தநாள் அன்று ஒருமுறை திறந்து தேதியைப் பார்த்துவிடுவேன்.